கோடைத் துயில்

இருநூற்று நாற்பது நத்தைகளுக்கு
நகப்பூச்சில் எண் போட்டேன், சிவப்பில்.
மெர்லின் தன் கல்யாணத்துக்கு வாங்கி
மிஞ்சிய புட்டி.
ஆய்வேட்டில் அதை
"நீரில் கரையாத நிறமி" என்று எழுதினேன்.

வடபழஞ்சிக் கண்மாய் வற்றிச்
சேறு பாளமாக வெடிக்கும்போது
நத்தை கீழே இறங்கும்.
மூடியை இழுத்துச் சாத்திக்கொள்ளும்.
அடுத்த மழை வரை
தின்னாது, நகராது,
ஒரு கடிதமும் எதிர்பார்க்காது.
எத்தனை மாதம், எத்தனை கிராம் இழந்து
என்பதுதான் என் ஆறு வருடம்.

ஞாயிறு என்று நத்தைக்குத் தெரியாது.
ஞாயிறும் எடை போட்டேன்.
தீபாவளியன்று எடை போட்டேன்.
அழகர் ஆற்றில் இறங்கிய காலையில்
பஸ்ஸெல்லாம் ஊருக்குள் சிக்கிக்கொள்ள
நாகமலை வரை ஷேர் ஆட்டோ, மிச்சம் நடை,
போய் எடை போட்டேன்.
நூற்றுப் பதினேழு மட்டும் லேசாக இருந்தது,
சந்தேகமாக லேசாக.
முகர்ந்து பார்த்தேன்.
அட்டவணையில் ஒரு பெருக்கல் குறி.

உதவித்தொகை ஏழு மாதம் வரவில்லை.
அதற்குள் மாப்பிள்ளை வீட்டார்
"எப்ப முடியும்" என்பதை
"முடியுமா" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.
சின்னம்மா மட்டும் போனில்,
"நத்தை மூலத்துக்கு நல்லதாமே,
உங்க சித்தப்பாவுக்கு நாலு எடுத்துட்டு வாயேன்."

நெறியாளர் பார்த்துத் தந்த மூன்றாம் இயலில்
ஓரமாக ஒரே ஒரு கேள்விக்குறி.
எந்த வரிக்கு என்று தெரியவில்லை.
கேட்கப் போனால் அவர் செனட் கூட்டத்தில்.
அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றி எழுதினேன்.
பிறகு சொன்னார்,
பேனா எழுதுகிறதா என்று பார்த்தாராம்.

களவு பார்க்கும் மென்பொருள்
பதினான்கு விழுக்காடு என்றது.
யாரிடமிருந்து எடுத்தேன் என்று தேடினால்
இரண்டு வருடத்துக்கு முந்தைய
பாண்டிமீனாவிடமிருந்து.

வாய்மொழித் தேர்வுக்குத் திருச்சூரிலிருந்து வந்தவர்
கீரை வடையைப் பாதி கடித்தபடி கேட்டார்:
"தூங்குகின்றன என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
வெறுமனே காத்திருக்கக் கூடாதா?"
இதயத் துடிப்பு, ஆக்சிஜன், ஏழாம் வரைபடம்
எல்லாம் காட்டினேன். தலையாட்டினார்.
அன்றிரவு விடுதியில்
பதினொரு மணி நேரம் தூங்கினேன்.
தூக்கம்தான் என்று நினைக்கிறேன்.

பட்டமளிப்பில் ஒலிபெருக்கி
பாண்டி என்றும் மீனா என்றும்
நடுவில் மூச்சு வாங்கி அழைத்தது.
இரண்டு பேருக்குமாக நானே மேடையேறினேன்.
வாடகை அங்கியில்
முன்பு உடுத்தியவரின் வியர்வை.
கையில் தந்த உறைக்குள் ஒன்றுமில்லை;
சான்றிதழ் நாலாம் கவுன்டரில்,
நூலகப் பாக்கி இல்லை என்ற சீட்டைக் காட்டினால்.
அம்மா அந்த வெற்று உறையை
நெஞ்சோடு பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டாள்.

தொட்டிகளைக் காலி செய்யச் சொன்னார்கள்.
உயிரோடு இருந்தவற்றை வாளியில் தூக்கிப் போய்
ஆய்வக உதவியாளர் பூசைமணியும் நானும்
கண்மாயில் விட்டோம்.
முழங்கால் வரை புரட்டாசித் தண்ணீர்.
திரும்பிப் பார்க்குமா என்று நின்றேன்.
நத்தைக்கு அதற்கு நேரமாகும்.

இப்போது ஒரு கல்லூரியில்
மணிக்கணக்குச் சம்பளத்தில் விலங்கியல்.
நேற்று நாகமலைப் புதுக்கோட்டை நிறுத்தத்தில்
சாக்கை விரித்து நத்தை விற்றாள் ஒருத்தி,
கூறு கூறாக.
மூன்றாவது கூறின் மேலே
சிவப்பில், பாதி உரிந்து, அறுபத்து நாலு.
முப்பத்தெட்டு கிராமில் உள்ளே போய்
ஒன்பது மாதம் கழித்து
இருபத்தொன்பதாக வெளியே வந்தது.
தண்ணீர் பட்டதும் முதலில் மூடி திறந்தது.

"கூறு எம்பது. மூலத்துக்கு நல்லதும்மா."
"அறுபதுக்குத் தாங்க."
"சேத்துக்குள்ள எறங்கித் தடவிப் பாத்தாத் தெரியும்" என்றாள்.
எனக்குத் தெரியும்.
எண்பதை எண்ணிக் கொடுத்தேன்.